தடாகத்துக்குப் பெரிய மோட்டர்

23 யூன், திங்கள்

இன்று பத்மாசனி ரீச்சரின் நீச்சல் தடாகத்துக்கு மோட்டர் பூட்டினேன். இரண்டு குதிரைவலு! விளையாட்டு ரீச்சராக இருந்து ஓய்வுபெற்றவா, சும்மா இருக்கமாட்டாமல் பின்வளவில் எட்டு மீற்றர் நீளத்துக்குக் கட்டியிருக்கிறா. மணல் வடிகட்டியைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துவிட்டு, "ரூபன், இதுக்கு ஏத்த மோட்டரை நீங்களே பாத்துப் போடுங்கோ" என்றா. ஸ்கந்தபுரத்தில் எந்த வயல்காரனையும் கேட்கலாம், நான் பூட்டினால் குழாய் வாயிலிருந்து தண்ணீர் எட்டு முழம் எறியும். இதுவும் சீறிக்கொண்டுதான் பாய்ந்தது. பார்க்க நல்ல வடிவு.

யூலை ஐந்து, சனிக்கிழமை, பெண்களுக்கு நீச்சல் வகுப்பு தொடங்குகிறது. பதின்மூன்று பேர். முதல் பெயர் என் மனிசி நிரோஜா. இரணைமடுக் குளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள், இந்த நாற்பத்தொரு வயதுவரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. குசினிக் கதிரையில் குப்புறக் கிடந்து காலை அடித்துப் பழகுகிறாள். சிரித்தேன். அகப்பைக் காம்பால் ஒன்று விழுந்தது.

25 யூன், புதன்

ரீச்சர் போன் எடுத்தா. தண்ணீர் கலங்கலாய்க் கிடக்கிறதாம். இன்னும் இரண்டு நாள் ஓடட்டும் என்றேன்.

27 யூன், வெள்ளி

அரிசி கழுவின தண்ணி மாதிரியே கிடக்கிறது. மணலில்தான் பிழை. முழுவதையும் அள்ளிப் புது மணல் போட்டேன், முதுகு விட்டுப்போச்சு. வடிகட்டியின் அமுக்கமானி முள் சிவப்பில் நிற்கிறது. அதுவும் பழுதாக்கும்.

29 யூன், ஞாயிறு

அதே கலங்கல். ரீச்சர் நேரே சொல்லிவிட்டா: "அடி தெரியாத தண்ணியில ஒராளையும் இறக்கமாட்டன். ஒராள் தாண்டு அடியில கிடந்தாலும் தெரியாது. வகுப்பு எட்டுக் கிழமை, ஓகஸ்ட் கடைசியில நான் மகளிட்டக் கனடா போறன். இந்தச் சனி தொடங்காட்டி வகுப்பே இல்லை, ரூபன்."

பேர் பதிய வந்த இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பில்டர் பிழை ரீச்சர். இருபத்திரண்டு வருசமா மோட்டர் பூட்டிறவன் சொல்லுறன்" என்று நெஞ்சைத் தட்டினேன். ரீச்சர் உடனே கொழும்புக்குப் போன் எடுத்து, வடிகட்டி விற்ற பொடியனுக்குக் கிழி கிழியென்று கிழித்தா. நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

1 யூலை, செவ்வாய்

"சனிக்கிழமை நடக்குமோ?" என்று நிரோஜா கேட்டாள். நடக்கும் என்றேன். இன்று அவள் கதிரையில் பழகவில்லை.

2 யூலை, புதன்

கொழும்புப் பொடியன் எனக்கே போன் எடுத்தான். "அண்ணை, பில்டரில ஒட்டியிருக்கிற லேபிளை வாசிச்சனீங்களோ?" எனக்கு வந்த கோபம்! வாசித்துவிட்டு அவனுக்கு நல்லாய் ஏச்சுக் கொடுப்போம் என்றுதான் போனேன்.

நிமிடத்துக்கு 240 லீற்றர், அதற்கு மேல் விடக்கூடாது என்று போட்டிருக்கிறது.

இருநூறு லீற்றர் பீப்பாவை வைத்து மோட்டரைப் போட்டேன். 28 செக்கனில் நிரம்பி வழிந்தது. கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு 430. திரும்பப் பிடித்தேன், அதேதான்.

மணல் ஊத்தையைப் பிடிக்கிறதுக்கு நான் எங்க நேரம் விட்டனான்? தண்ணியை அடிச்செல்லோ துரத்தியிருக்கிறன்! வயலுக்கெண்டாத் தண்ணி கனக்க வந்தாலே போதும். இதென்ன வயலோ? எட மடையா ரூபன்!

இப்ப ரீச்சரிட்ட என்னெண்டு சொல்லுறது? மோட்டர் எரிஞ்சுபோச்செண்டு சொல்லிச் சின்னதை மாத்தினா ஒருதருக்கும் தெரியவராது. அந்தப் பொடியன்தான் பாவம்—

3 யூலை, வியாழன்

சொல்லிவிட்டேன். "பில்டரில ஒரு பிழையும் இல்லை ரீச்சர். பிழை என்ர. லேபிளை வாசிக்கேல்லை."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தா. "அதை அந்தப் பொடியனுக்கும் இப்பவே சொல்லுங்கோ." அவவுக்கு முன்னாலேயே போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான். "எல்லாரும் பெரிசைத்தான் போடுவினம், அண்ணை."

மணலை எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, முக்கால் குதிரைவலு மோட்டர் பூட்டினேன். பீப்பாக் கணக்கு 220. தண்ணீர் ஆடி அசைந்து வருகிறது. முள் பச்சைக்கு இறங்கிவிட்டது. இனி நாளைக்குத் தெரியும்.

4 யூலை, வெள்ளி

அடி தெரியுது! மூலையில் விழுந்து கிடந்த என் குறடும் தெரியுது!

5 யூலை, சனி

வகுப்பு நேரம் ஆம்பிளையளுக்கு உள்ளே இடமில்லை. முதல் நாள் என்பதால் மோட்டரைக் கவனிக்க என்னை மட்டும் மோட்டர் அறையில் இருக்கச் சொன்னா ரீச்சர், கதவைச் சாத்திக்கொண்டு. ஒரு மணித்தியாலமாகக் கூச்சலும் குளறலும். பிறகு ரீச்சரின் குரல்: "நிரோஜா, நான் கையை விட்டிட்டன். மிதக்கிறீர்!"

எல்லாரும் கை தட்டினார்கள். அதற்கு மேலால் என் மனிசியின் சிரிப்பு. கல்யாணம் கட்டிப் பதினெட்டு வருசம், அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை. வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

தலை ஈரத்தோடு வெளியே வந்தவள், "ஏனப்பா கண் சிவந்திருக்கு?" என்று கேட்டாள். குளோரின் என்று சொன்னேன்.