நாற்காலியின் முதுகு

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம். உங்கள் நலத்தை நீங்கள் எழுத மாட்டீர்கள் என்பதால் உங்கள் மருமகளிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களுக்குத்தான் போனில் என் குரல் வண்டு பறக்கிற மாதிரி கேட்கிறதே, அதனால் இந்தக் கடிதம். முறிந்த எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி மாதக்கணக்காகிறதாம். நீங்கள் மட்டும் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவிலேயே குடித்தனம் நடத்துகிறீர்களாம்.

சண்டையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். எங்கள் குடியிருப்பில் பெரியவர்களுக்காக ஒரு உடற்பயிற்சிக் குழு ஆரம்பிக்கப் போகிறேன். காலையில் பயிற்சி, பிறகு டீ, பிறகு அரட்டை. சங்கத் தலைவர் கீழ்த்தளக் கூடத்தை இரண்டு மாதத்துக்குத் தந்திருக்கிறார். "கூட்டம் வரலேன்னா டேபிள் டென்னிஸுக்குக் குடுத்துடுவேன் டீச்சர்" என்று இப்போதே மிரட்டல் வேறு. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தவளுக்கு ஆட்களை வரிசையில் நிறுத்தவா தெரியாது?

நீங்கள் வந்து என்னோடு தங்கி இதில் சேர வேண்டும். அதைக் கேட்கத்தான் இவ்வளவு சுற்றினேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 13

என் விசிலுக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பெயர். அவர் போன பிறகு அப்படிக் கூப்பிட நான் ஒருத்திதான் மிச்சம், அதனால் விடமாட்டேன்.

எலும்பு கூடியது வாஸ்தவம். தைரியம்தான் கூடவில்லை. குளியலறையில் கால் வழுக்கிய அந்த நொடி இன்னும் உள்ளங்காலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுந்து நின்றால் தரை நழுவுகிற மாதிரி இருக்கிறது. இதை மருமகளிடம் சொல்லவில்லை. ஏற்கனவே நான் அசைந்தால் போதும், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறாள், பாவம். ஆகவே என்னைக் கூப்பிடாதே.

உன் குழுவைப் பற்றி ஒரே ஒரு கவலை. வரப்போகிறவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இல்லை, ஞாபகம் இருக்கட்டும்.

அன்போடு,
அண்ணி


பிப்ரவரி 27

அண்ணி,

உங்கள் வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது. மண்ணைக் கவ்விவிட்டேன்.

முதல் நாள் கூடம் நிறைய ஆள். சிரிக்காமல் படியுங்கள். உயரவாரியாக வரிசையில் நிறுத்தினேன். விசில் ஊதினேன். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர் தாமதமாக வந்தார். பழக்கதோஷம், "லேட்டா? வெளிய நில்லுங்க!" என்றுவிட்டேன். அந்த மனுஷர் நிஜமாகவே கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவரோடு அவர் கூட்டாளிகள் அத்தனை பேரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். பின்வரிசையில் இரண்டு அம்மாக்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், ஆளுக்கொரு மூலையில் நிறுத்தினேன். "நான் இவகூட பேசத்தானே வந்தேன்? கைய காலத் தூக்கவா வந்தேன்?" என்று ஒருத்தி கேட்டாள்.

இன்றைக்கு வந்தது காவல்காரரையும் சேர்த்து ஐந்து பேர். சங்கத் தலைவர் டேப்பை வைத்துக் கூடத்தை அளந்து பார்த்துவிட்டுப் போனார். என்ன செய்யட்டும், அண்ணி?

தோற்றுப்போன
விசில்


மார்ச் 5

அடி விசில்,

வயிறு வலிக்கச் சிரித்தேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று மருமகள் ஓடி வந்தாள்.

முதலில் விசிலை அலமாரியில் வை. வரிசை வேண்டாம், நாற்காலிகளை வட்டமாகப் போடு. வரிசையில் நின்றால் முன்னால் இருப்பவரின் பிடரிதான் தெரியும். என்னைப் போலக் காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறோம். டீயை முதலில் கொடு. பேசுகிறவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வை. மேனேஜர் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒன்று இரண்டு என்று எண்ணுகிற வேலையை அவரிடமே கொடுத்துவிடு.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் நின்று, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குவது. நான் ஒருநாளும் செய்ததில்லை. தைரியம் உள்ளவர்களுக்குச் சொல்லிக் கொடு.

அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

கூடம் நமக்கே! டேபிள் டென்னிஸ் மேஜை மாடிக்குப் போய்விட்டது. மேனேஜர் முறைத்துக்கொண்டே வந்தார், இப்போது அவர் எண்ணுகிற சத்தம் தெருவுக்கே கேட்கிறது. மூலைக்குப் போன அம்மாக்கள் பேச்சையும் விடவில்லை, பயிற்சியையும் விடவில்லை.

வட்டத்தில் ஒரு நாற்காலி காலியாகவே இருக்கிறது. "இது யாருக்கு?" என்றார் மேனேஜர். "எங்க அண்ணிக்கு. வட்டமா போடச் சொன்னதே அவங்கதான்" என்றேன். அன்றிலிருந்து இடமில்லாதவர்கள்கூட நிற்கிறார்களே தவிர அதில் உட்காருவதில்லை.

ஒளித்து என்ன ஆகப்போகிறது? இந்தக் குழுவே உங்களை வரவழைக்க நான் தேடிப்பிடித்த சாக்குதான். அண்ணன் கட்டிலில் படுத்தார், பிறகு எழுந்திருக்கவே இல்லை. நீங்களும் அப்படிப் போய்விடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. எனக்கும் உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உங்கள் விசில்


ஏப்ரல் 10

என் கண்ணு விசிலுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொண்டு என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அப்புறம் சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றைச் சுவரோரம் இழுத்துப் போடச் சொன்னேன். முதல் நாள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. மருமகள் வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். "கைய எடு, நீயும் ஒரு நாற்காலியப் பிடி" என்றேன். இப்போது தினமும் இரண்டு பேருமாகக் குதிகாலைத் தூக்குகிறோம். பயம் போய்விடவில்லை. பயத்தோடேயே நிற்க வருகிறது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மகன் என்னை அங்கே கொண்டுவந்து விடுகிறான். நான் வாசலில் இறங்கும்போது அந்த விசிலை அலமாரியிலிருந்து எடுத்து ஒரே ஒரு தடவை ஊது. அது ஒன்றாவது எனக்கு ஒழுங்காகக் கேட்கும்.

அந்த நாற்காலியை மட்டும் யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள். நிற்கிறவர்களில் ஒருவரை அதில் உட்கார வை. நான் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றுகொள்கிறேன்.

வந்துகொண்டிருக்கும்
உன் அண்ணி