ஓராவுக்கு எத்தனை முள்

2061 பிப்ரவரி 4, வெள்ளி. காலை 09:10. நிலையத்தில் 11ஆம் நாள்

எல்லாம் சரி. இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று கரை அலுவலகத்தின் படிவம் சொல்கிறது. தொடங்கிவிட்டேன்.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், என் பெயர் அமலோற்பவம், மீனியல் ஆய்வாளர். வேம்பாருக்குக் கிழக்கே இருபத்து நான்கு மீட்டர் ஆழத்தில், கடல் தரையில் ஊன்றிய இரும்பு டப்பாவுக்குள் தனியாக இருக்கிறேன். புதிதாக நட்ட பவளத்துக்கு மீன்கள் திரும்புகின்றனவா, திரும்பினால் எந்தெந்தக் குடும்பம் என்று எண்ணுவதுதான் வேலை. மொத்தம் நாற்பது நாள். நடுவில் நானாக மேலே போக முடியாது. இந்த அழுத்தத்தில் ஊறிய உடம்பு சட்டென்று ஏறினால் இரத்தத்தில் குமிழி கட்டிச் சாக வேண்டியதுதான். கப்பலிலிருந்து கூண்டு இறக்கி, அதில் உட்கார வைத்து, மெதுவாக ஏற்ற வேண்டும்.

மீன் பிடிக்க வெளியே கம்பிக் கூடுகள் வைத்திருக்கிறேன். இன்று நான்காம் கூட்டில் மூன்று ஓரா.

குடும்பம்: ஓரா. சின்ன வாய், தடித்த உதடு. செதில் பொடிப்பொடியாக, வெறும் தோல் போலத் தெரியும். வயிற்றுத் துடுப்பின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு முள். வேறு எந்தக் குடும்பத்துக்கும் இப்படி இல்லை. முதுகு முள் பதின்மூன்று. வயிற்றுக்குப் பின்னால், அடித்துடுப்பில் குத முள் ஒன்பது. பல்: பதியவில்லை. படம்: தலை இடப்பக்கம்.

பல் பார்க்காததற்குக் காரணம், மூன்றில் ஒன்று வலது கையில் குத்திவிட்டது. ஓரா முள்ளில் விஷம். கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு இடது கை ஒற்றை விரலால் தட்டுகிறேன்.

16:00 மணிக்கு இந்தக் குறிப்பும் படங்களும் கரைக்குப் போகும். தண்ணீருக்குள் வானொலி வேலை செய்யாது. ஒலி மோடம் எல்லாவற்றையும் கீச்சுக்கீச்சென்று கடலுக்குள் கத்தும். மேலே மிதவை அதைக் கேட்டு அனுப்பும். தினமும் கடலுக்கே கேட்கும்படி வேலைக் கணக்கு ஒப்பிக்கிறேன்.

பிப்ரவரி 6, ஞாயிறு. காலை 10:40

எல்லாம் சரி. தொம்மை வந்துவிட்டுப் போனான். என் தம்பி, சங்கு குளிப்பவன். ஞாயிறு பூசை முடிந்ததும் படகில் வந்து, மூழ்கி, சாமான் கொடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் மேலே போய்விடுவான். வரும் வழி நிலையத்தின் தரையில் உள்ள கிணறு. அதற்கு ஒரு மூடி உண்டு. உள்ளிருந்துதான் திறக்க முடியும்.

முகமூடிப் பேசியில் அவனுடைய முதல் வார்த்தை: "அக்கா, சாளைக் குழம்பு கொண்டாந்திருக்கேன். அம்மா புளியக் கூடப் போட்டுட்டா."

சலிப்பில் அவனையும் மீனாகப் பதிந்தேன். பக்கவாட்டில் நிற்க வைத்துப் படம் எடுத்தேன், தலை இடப்பக்கம். குடும்பம்: எங்களுடையது. நிறம்: அடுப்புக்கரி. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. இடது முன்கையில் பச்சை குத்திய நங்கூரம், கொஞ்சம் கோணல். நீளம்: ஐந்தடி எட்டு அங்குலம். எடை: சொல்ல மாட்டான். பல்: பதியவில்லை.

மாலை 18:20

கரை அலுவலகத்தில் குறிப்புகளை வாங்கிவைக்கும் இசக்கியப்பன் இதைப் படித்துவிட்டு, தண்ணீர் வழியே குரல் கொண்டுவரும் நீர்ப்பேசியில், "மேடம், இத எந்தப் பைல்ல போட?" என்று கேட்டார். வெகுநேரம் சிரித்தேன்.

பிப்ரவரி 9, புதன். காலை 11:25

நான்காம் கூட்டில் ஆறு ஓரா. ஆறுக்கும் குத முள் ஒன்பது.

மூன்று முறை எண்ணினேன். ஊசியால் ஒவ்வொரு முள்ளாக நிமிர்த்தி எண்ணினேன். இந்தக் குடும்பம் முழுக்க, உலகத்தில் எங்கே பிடித்தாலும், குத முள்ளின் எண் மாறாது, அது ஒன்பதும் இல்லை. மாறினால் புதிய குடும்பம். என் பெயர் புத்தகத்தில் வரும். நீர்ப்பேசியில் கரையைக் கூப்பிட்டேன்.

கரை: "இதுல என்ன மேடம் புதுசு? நாலாந்தேதியே நீங்க ஒம்பதுன்னுதான எழுதிருக்கீய."

பகல் 12:10

நாலாம் தேதிக் குறிப்பைத் திறந்தேன். ஒன்பது என்றுதான் இருக்கிறது. ஒற்றை விரலில் தட்டிய பிழை. அன்று பிடித்த மூன்று ஓராவும் உறைபெட்டியில் இருக்கின்றன. எடுத்து எண்ணினேன். அவற்றுக்கு ஒன்பது இல்லை.

சரியான எண் வேம்பாரில் கூடு போடும் எல்லோருக்கும் தெரியும். ஏனோ அதை இங்கே எழுதப் பிடிக்கவில்லை. எழுதப் போவதில்லை.

நான் பிழையாக எழுதினேன். ஐந்து நாள் கழித்து, பிழையோடு மீன் வருகிறது. முதலில் இசக்கியப்பன் மேல்தான் சந்தேகம் வந்தது. யாரோ செய்த பொம்மை மீனைக் கூட்டில் போட்டு என்னைச் சோதிக்கிறார்கள் என்று. ஆனால் ஆறும் துள்ளிக்கொண்டிருந்தன.

பகல் 14:30

மீன் படிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மீனை எப்போதும் தலை இடப்பக்கம் பார்க்கக் கிடத்துவோம். படம், எண்ணிக்கை, அளவு எல்லாம் அந்த ஒரு பக்கத்தில்தான். மறுபக்கம் சதை வெட்டி எடுக்க மட்டும். உலகம் முழுக்க இப்படித்தான், யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

சதை எடுக்க ஓராவைத் திருப்பினேன்.

மறுபக்கம் எதுவும் இல்லை. கண் இல்லை, செவுள் இல்லை, துடுப்பு இல்லை, செதில் இல்லை. அவித்த முட்டையின் வெள்ளை மாதிரி வழவழவென்று ஒரே பரப்பு. நாக்குமீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்குமே, அப்படி ஏதாவது என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். நாக்குமீனுக்குக் கூட அடிப்பக்கத்தில் செதில் இருக்கிறது.

வெட்டினேன். இரத்தம் வரவில்லை. ஆறும் அப்படியே.

நான் எதையெல்லாம் எழுதினேனோ, படத்தில் காட்டினேனோ அதெல்லாம் இருக்கிறது. எழுதாதது இல்லை. வாயைப் பிளந்து பார்த்தேன். பல்லும் இல்லை.

பிப்ரவரி 10, வியாழன். காலை 10:00

குடும்பம்: மடவை. முதுகில் இரண்டு துடுப்பு, நடுவே இடைவெளி. தாடையின் கீழே மீசை நான்கு.

இன்றைக்கு வேறு எதுவும் எழுதவில்லை.

பிப்ரவரி 11, வெள்ளி. காலை 09:50

முதல் கூட்டில் மடவை ஒன்று. தாடையின் கீழே நான்கு மீசை.

மடவைக்கு மீசையே கிடையாது. நேற்று நான் எழுதியது வேண்டுமென்றே போட்ட பொய். சொன்ன பாடத்தை மறுநாளே ஒப்பிக்கிற பிள்ளை போல அது மீசையை ஆட்டிக்கொண்டு கிடக்கிறது. திருப்பிப் பார்க்கவில்லை, தேவை இல்லை.

வெளியே ஏதோ ஒன்று இருக்கிறது. மோடம் கத்துவதைக் கேட்கிறது. கேட்டதைச் செய்கிறது. எதற்கென்று தெரியவில்லை. முதலில் கூட்டுக்குள் வரக் கற்றுக்கொண்டது. அடுத்து எதற்குள் வரப் பார்க்கும் என்பது தெரியும்.

மோடத்தை அணைத்துவிட்டேன். நீர்ப்பேசியில் இசக்கியப்பனிடம் இவ்வளவுதான் சொன்னேன்: கூண்டை இறக்குங்கள், காரணம் கேட்காதீர்கள், தொம்மையை அனுப்பாதீர்கள்.

கரை: "கூண்டுக் கப்பல் செவ்வாக்கெழமதான் திரும்பும் மேடம். ஒங்க தம்பிகிட்ட சொல்லிட்டேன். 'அக்காவுக்கு என்னமோ ஆயிட்டு, நான் போயே தீருவேன்'னு நிக்கான்."

அவன் அப்படித்தான். சின்ன வயதில் நான் காய்ச்சலில் கிடந்தால் பள்ளிக்கூடம் போக மாட்டான்.

பிப்ரவரி 12, சனி. பகல் 11:15

இரவெல்லாம் தூக்கம் இல்லை. ஆறாம் தேதிக் குறிப்பைப் பத்து தடவை படித்துவிட்டேன். என் தம்பியை நானே எழுதி, படமும் எடுத்து, கடலுக்கு ஒப்பித்திருக்கிறேன். தலை இடப்பக்கம். என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நாளை சன்னலில் ஒருவன் வந்து நிற்பான். அவன் தொம்மைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மோடம் அணைந்திருக்கிறது, யாரும் கேட்க முடியாது, எழுதியே யோசிக்கிறேன். எழுதாமல் எனக்கு யோசிக்க வராது.

வலப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வலது காது மடலில் பிளவு. ஊசி வாய் முரல் மீன் துள்ளிக் குத்தியது, பதினாறு வயதில். வலது தோளில் என்ஜின் குழாய் சுட்ட தழும்பு, மாங்கொட்டை அளவு. வலது கைக் கட்டைவிரல் நகம் கறுப்பு. இவை இருந்தால் அவன் என் தம்பி. திறப்பேன். இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை வரை மூடியைத் தொட மாட்டேன்.

ஓராவின் எண்ணை மட்டும் இப்போதும் எழுதவில்லை. ஒன்றையாவது கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 13, ஞாயிறு. காலை 07:35

வந்துவிட்டான். வட்டச் சன்னலுக்கு வெளியே நிற்கிறான், பக்கவாட்டில். புருவத் தழும்பு தெரிகிறது. கோணல் நங்கூரம் தெரிகிறது. பூசைக்குப் போகாமல் வந்திருக்கிறான் போல, அம்மா திட்டுவாள்.

பேசி: "அக்கா, சாளைக் குழம்பு கொண்டாந்திருக்கேன். அம்மா புளியக் கூடப் போட்டுட்டா."

போன வாரமும் இதையே சொன்னான். அவன் எப்போதும் சொன்னதையே சொல்கிறவன்தான். இருந்தாலும் மூடியைத் திறக்கவில்லை. கண்ணாடியில் தட்டி, திரும்பு என்று கை காட்டினேன்.

07:41

திரும்பினான்.

காது மடலில் பிளவு இருக்கிறது. தோளில் தழும்பு இருக்கிறது, மாங்கொட்டை அளவு. கட்டைவிரல் நகம் கறுப்பு. அவன்தான். என் தம்பிதான். அழுகை வந்துவிட்டது, அவன் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன். மூடியைத் திறக்கப் போகிறேன்.

08:20

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். சாமான் எதுவும் கொண்டுவரவில்லை. முகமூடியைக் கழற்றவில்லை. கோபமாக இருப்பான் என்று நினைத்து நானே பேசிக்கொண்டிருந்தேன்.

இப்போது கரையிலிருந்து நீர்ப்பேசி.

கரை: "மேடம், ரெண்டு நாளா குறிப்பே வரல. ஒங்க மோடத்துக்கு என்னமோ கோளாறு போலன்னு நேத்து சாயங்காலம் இங்கருந்தே எழுப்பி, எல்லாத்தையும் இழுத்துக்கிட்டேன். கவலப்படாதீய, எல்லாம் வந்துட்டு, இனிதான் படிக்கணும். தொம்மை பூச முடிஞ்சு இப்பத்தான் படகுல ஏறுதான்."

08:24

சத்தம் இல்லாமல் தட்டுகிறேன். அது என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, தலை இடப்பக்கம்.

நேற்றைய குறிப்பு. காது, தோள், நகம். நானே எழுதிக் கொடுத்தேன். எந்தச் சாவி பொருந்தும் என்று நானே சொல்லி, பூட்டையும் நானே திறந்தேன்.

தொம்மை உயிரோடு இருக்கிறான். படகில் ஏறுகிறான். அது ஒன்றுதான் இப்போது முக்கியம். ஒரு மணி நேரத்தில் இந்தக் கிணற்றுக்குள் தலையை நீட்டுவான்.

08:31

நீர்ப்பேசியில் சொல்லிவிட்டேன். அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது, கேட்கட்டும். சொன்னது: இசக்கியப்பன், இனி என் பேரில் குரலாக, எழுத்தாக எது வந்தாலும் நம்பாதீர்கள். தொம்மையிடம் சொல்லுங்கள். இறங்குவதற்கு முன் ஓராவுக்குக் குத முள் எத்தனை என்று என்னிடம் கேட்கட்டும். சரியாகச் சொன்னால் வரட்டும். தப்பாகச் சொன்னால் படகைத் திருப்பட்டும், நான் அழுதாலும்.

கரை: "என்ன மேடம் சொல்லுதீய? ஒண்ணும் வெளங்கல. சரி, அவன்கிட்ட அப்படியே சொல்லுதேன்."

08:33

எழுந்து நிற்கிறது. கழுத்தில் கை வைத்து முகமூடியை எடுக்கிறது. வாயைத் திறக்கிறது

பல் நான் எழுதவே இல்லை

அம்மாவுக்கு

09:40

எல்லாம் சரி.

நான்காம் கூட்டில் ஓரா மூன்று. படம்: தலை இடப்பக்கம்.

படகு: "அக்கா, தொம்மை பேசுதேன். மேலதான் நிக்கேன். நீ நல்லாத்தான இருக்க?"

நிலையம்: "நல்லாத்தான் இருக்கேன். மூடி திறந்திருக்கு. வா தம்பி."

படகு: "என்னமோ கேக்கச் சொன்னியாம், எனக்கு ஒண்ணும் வெளங்கல. கேக்கேன். ஓராவுக்குக் கீழ முள்ளு எத்தனக்கா?"

படகு: "அக்கா, சொல்லு. ஒனக்குத் தெரியாததா? சின்னப் புள்ளையில எனக்கு எண்ணிக் காட்டுனதே நீதான. சொல்லுக்கா, இந்தா குதிக்கேன்."

நிலையம்: "ஒன்பது."