வட்டத்துக்கு வெளியே ஓர் ஏரி

ஜூலை 14, செவ்வாய், இரவு

சுரங்கத்துக்கான சுற்றுச்சூழல் ஆய்வு எதுவரை நடக்க வேண்டுமென்று வரைபடத்தில் வட்டம் போட்டவள் நான். குத்தகை நிலத்தின் எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டர் அளந்திருக்க வேண்டும். நிலத்தின் நடுவிலிருந்து அளந்துவிட்டேன். ஓர் ஏரி வெளியே போய்விட்டது.

இன்று மதியம்தான் கவனித்தேன். மேலாளரிடம் ஓடினேன்.

"ரிப்போர்ட்ட நேத்தே அரசாங்கத்துக்கு அனுப்பியாச்சு மேடம். ஏரி உள்ள வந்தா திரும்பத் தண்ணி சாம்பிள் எடுக்கணும். யாரும் கேக்கல, நீங்களும் விட்டுடுங்க," என்றார். காபி வரவழைத்தார். நானும் குடித்தேன். பஸ் பிடித்து ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் வீட்டுக்கு வந்தேன்.

திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஏரியின் பெயர் தெரியவில்லை. வரைபடம் பையில்தான் இருக்கிறது. பெயரைப் படித்துவிட்டால் கடிதத்தை அனுப்பாமல் இருக்க முடியாது.

பை இன்னும் கதவருகே கிடக்கிறது.