மரண அறிவித்தலில் நான் எழுதிய வரி

1997 நவம்பர் 5, புதன்
ஈரப்பனி. 9.40, ஸ்பெஷலிஸ்ட் ஒஃபீஸ். மூன்று வருடத்துக்கு முன் என் பெருங்குடலில் ஒரு பொலிப், சிறு சதைக்கட்டி, எடுத்தார்கள். திரும்பக் கமரா விட்டுப் பார்க்கவேண்டும். படிவங்களுக்குக் கோட், அதாவது குறியீட்டு எண், போடுகிற வதனா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சும்மா சோதிக்க ஒரு கோட், பொலிப் எடுத்தவருக்கு ஒன்று, குடும்பத்தில் புற்றுநோய் இருந்தால் இன்னொன்று.
"குடும்பத்தில ஆருக்கும் இருந்ததோ, அங்கிள்?"
நான் சுவர்க் கலண்டரைப் பார்த்தேன்.
"பேப்பர்க்காரர் கேள்விதான் கேப்பினம், பதில் வராது போல. இந்தக் கோட்டைப் பாத்துத்தான் டேட் குடுக்கிறது."
"இல்லைப் பிள்ளை."
இருபத்தைந்து வருடம் நிருபர் வேலை. சொன்னது பொய்.

நவம்பர் 6, வியாழன்
எங்கள் பேப்பரின் பழைய இதழ்க்கட்டில் அண்ணையின் மரண அறிவித்தல். நான்கு வருடத்துக்கு முந்தியது. 'மாரடைப்பால் காலமானார்.' எழுதியது நான். இறந்தது கொழும்பு ஆஸ்பத்திரியில், பெருங்குடல் புற்றுநோய், வயது 47. அன்று அண்ணி கொழும்பிலிருந்து ஃபோனில்: "கான்சர் எண்டு போட்டிடாதேங்கோ தம்பி. சுமதிக்குக் கலியாணம் பேசவேணும்." அண்ணையின் மகள் சுமதி அப்போது இங்கே, என்னோடு. அவளுக்கும் அதே வரிதான் சொன்னேன்.
வாங்க: பால், பல்ப், ஃபக்ஸ் தாள்.

நவம்பர் 8, சனி
கலியாணம் முடித்துப் போன அஜக்ஸ் நகரிலிருந்து சுமதியின் ஃபோன்.
"ஒரு மாசமா கக்கூசுக்குப் போகேக்க ரத்தம், சித்தப்பா. மூலவியாதியா இருக்குமெண்டு டொக்டர் சொல்லுறார். கமரா ரெஸ்டுக்கு ஜூனிலதான் டேட்."
"ஏன் அவ்வளவு நாள்?"
"வயசு இருபத்தேழு, குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லை. அப்பிடிக் கோட் போட்டா அவசரமில்லையாம். அம்மாவும் பக்கத்தில இருந்து இல்லையெண்டுதான் சொன்னவ."
சுமதியின் கலியாணத்தோடு இங்கே வந்து வேறாக இருக்கிற அண்ணிக்கு உடனே எடுத்தேன்.
"சுமதியின்ர மாமிக்காரி அறிஞ்சா என்ன சொல்லுவா?"
"ஜூன் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கேலாது, அண்ணி."
வைத்துவிட்டார். நித்திரை இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு
மழை. 401 நெடுஞ்சாலையில் நெரிசல். அஜக்ஸ் 11.15. சுமதி தனியே; மாமியார் கோயிலுக்கு. அண்ணை எதனால் இறந்தார் என்று மூன்று வசனத்தில் சொன்னேன். அவள் எழும்பிப் போய்க் கொதித்த கேத்திலை நிறுத்தினாள். பிறகு டொக்டரின் படிவப் பிரதியையும் பேனையையும் என் முன்னால் வைத்தாள்.
"நீங்களே வெட்டி எழுதுங்கோ சித்தப்பா. அண்டைக்கு எழுதினதும் நீங்கள்தானே. நாளைக்குக் காலமை கொண்டுபோய்க் குடுக்கப்போறன்."
'இல்லை'யை வெட்டினேன். தகப்பன். பெருங்குடல் புற்றுநோய். வயது 47. எழுத்துக் கோணல்.
நாளை 9.00: வதனாவுக்கு ஃபோன், என் படிவத்திலும் 'இல்லை'யை வெட்ட.