எட்டாவது சிப்பாயின் பை

போடன் ஏரிக்கரை,
புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

என் கண்ணான எபர்லினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், திருநாள் வாத்துக் கறியும் சாப்பிட்டாயிற்று, ஸ்ட்ராஸ்பர்க் குளிரில் மையோடு உன் விரலும் உறைந்துவிடக் கூடாது என்பதுதான் என் வேண்டுதல். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, வயிறு எரிகிறது. நம் ஊர் நெசவாளர் கூடத்துக்காக நீ நகல் எடுத்துப் படம் போடுகிறாயே, சதுரங்கக் காய்களை ஊர் மனிதர்களாகப் பாடும் அந்தச் சதுரங்கப் பாட்டை நம் பாதிரியார் ஞாயிறன்று தன்னிடமிருக்கும் பிரதியிலிருந்து கோயிலில் வாசித்தார். ராஜா, ராணி வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு தொழில் சொன்னார். உழவன் முதலாவது, நெசவாளன் மூன்றாவது, உன்னைப் போல எழுதுகிறவனும் அவனோடுதான். கடைக்கோடி எட்டாவது யார் தெரியுமா? ஊதாரி, சூதாடி, அவர்களோடு கடிதம் சுமக்கிறவன்! எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கடிதம் சுமக்கும் உன் அப்பா குனிந்த தலை நிமிரவில்லை.

மறுநாளே நெசவாளர் தலைவர் கெருங் வந்து நின்றார். உன் தங்கை மெக்தில்டைத் தன் மகனுக்குப் பேசி முடித்த அதே மனுஷன்தான். "பாட்டே சொல்லிடுச்சேம்மா, எட்டாவது வீட்ல எப்படிச் சம்பந்தம் வெக்கிறது, ஊர் சிரிக்காதா" என்றார். எனக்கு வந்ததே கோபம். "அந்தப் புத்தகம் வேணும்னு எழுதினீங்களே, அந்தக் கடிதத்தை யார் பையில குடுத்தனுப்பினீங்க, சூதாடி பையிலயா?" என்று கேட்டுவிட்டேன். புத்தகம் வரட்டும், படத்தையும் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று அவர் நழுவினார். மெக்தில்ட் அழவில்லை, கல்யாணத் துணி தைப்பதை நிறுத்திவிட்டாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த வரியை எடுத்துவிடும்படி உனக்குச் சொல்வோமா என்று அப்பாவிடம் கேட்டேன். "அடி போடி, அடுத்தவன் எழுதினதுல கை வெப்பானா அவன்? என் மகன்டி!" என்று சீறினார். சரி, ஒரு எழுத்தும் மாற்றாதே, பாட்டில் சொன்னபடி அந்தச் சிப்பாய் கையில் பகடையும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இடுப்பில் கடிதப் பை என்று வருகிறதே, அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பாட்டில் இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டேன்.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், பெட்டியில் வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள். உன் கையையும் கண்ணையும் மாதா காக்கட்டும். இதை அப்பாவேதான் கொண்டுவருகிறார். தன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று தெரியும், என்ன எழுதினேன் என்று தெரியாது. பாவம், வழியெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும். நீ பிரிக்கும்போது அரக்கு முத்திரை எப்படி இருந்தது, பார்த்தாய் அல்லவா? எட்டாவது சிப்பாயின் பையிலும் அதை அப்படியே வரைந்துவிடு.

உன் அம்மா,
அடெல்ஹைட்