பொன்னேருக்கு எருது வேண்டிய ஓலை

நலம் பெருகுக. மழை மறவாத மாங்குன்ற நாட்டின் தலைவியார், சுனை காத்த செல்வியார், அரசி கொற்றியார் திருமுன், செம்மணல் நாட்டு மாமன்னர் அரிமாக்கோவின் தலைமை அமைச்சரும், 'வளம் விளைத்த பேரறிஞர்' என்னும் பட்டத்தைச் சென்ற ஆண்டு பெற்றவருமான மணலூர் கிழார் பொறையன் சாத்தனார் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் குன்றும் குடிகளும் கன்றுகாலிகளும் வாழ்க. கன்றுகாலிகள் சிறப்பாக வாழ்க.

செம்மணல் நாட்டின் வளர்ச்சியைத் தாங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். சென்ற ஆண்டு உழவு முடிந்த கையோடு மேற்குக் கணவாயைத் திறந்துவிட்டவர் சாத்தனாரே. இங்கிருந்து உப்பும் கருவாடும் மேலேறின. அங்கிருந்து மிளகும் பட்டும் கீழிறங்கின. பொதி சுமக்க எருது தருவோருக்கு வரி இல்லை என்று அவர் முரசறைவித்த மறுநாளே, கலப்பையில் பூட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துக்கொண்டு குடிகள் சாரை சாரையாகச் சுங்கச்சாவடிக்கு வந்தனர். இன்று எங்கள் குயவர் பட்டு உடுத்தி மண் பிசைகிறார். நாவிதர் பவளம் பூண்டு கத்தி தீட்டுகிறார். அண்டை நாட்டுத் தூதர் யாவரும் வந்து பார்த்து மூக்கின் மேல் விரல் வைத்தனர்.

உழவெருதைப் பொதிக்கு அனுப்புவதில்லை என்று தாங்கள் அந்நாளில் மறுத்துரைத்தபோது, அவையில் வாய்விட்டுச் சிரித்தவரும் சாத்தனாரே. அச்சிரிப்பு தங்கள் செவிக்கு எட்டியிருக்காது என்று அவர் நம்புகிறார். எட்டியிருந்தால் அதை இருமல் என்று கொள்ள வேண்டுகிறார்.

இப்போது சித்திரை. கோடைமழை இருமுறை கொட்டி நிலம் நெகிழ்ந்து கிடக்கிறது. அரசர் பொன்னேர் பூட்டி முதற்சால் ஓட்டாமல் எந்தக் குடியும் மண்ணைக் கீறுவதில்லை என்பது எங்கள் மரபு. அதற்கு எருது தேடிப் போன ஏவலர் ஐந்து நாள் அலைந்து, நாட்டில் எஞ்சியிருப்பது கோயில் நந்தி ஒன்றே என்றும், அது கல் என்றும் வந்து அறிவித்தனர். மற்றவை எல்லாம் கணவாய்க்கு அப்பால் பட்டு சுமக்கின்றன; ஆடிக்கு முன் திரும்பா.

நெல்லை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று அமைச்சர் எடுத்துரைத்தார். அப்போது நக்கை என்னும் உழத்தி அவை நடுவே நின்று, தன் வீட்டில் மூன்று வகைக் கருப்பூரம் இருப்பதாகவும், கஞ்சிக்கு ஒரு வகை அரிசியும் இல்லையென்றும், அண்டை நாட்டாரும் ஏரை விட்டுப் பொதிக்குப் போய்விட்டதால் நெல் விற்பார் எவருமில்லை என்றும் உரைத்தாள். அமைச்சருக்கு வெட்கமாக இருந்தது, அச்சமாகவும் இருந்தது.

அரசர் அருளிய ஆணை யாதெனில், முழுநிலா நாளில் பொன்னேர் ஓடியே தீரும். எருது இல்லையேல், எருதுகளை ஊரை விட்டு அனுப்பியவரே நுகத்தடியில் நிற்பார் என்பதாம். அவையோர் இவ்வாணையை வழக்கத்தினும் உரக்க வாழ்த்தினர்.

ஆகவே தங்கள் உழவெருதுகளில் நூறு இணையை ஒரு திங்களுக்குத் தந்தருளல் வேண்டும். கைம்மாறாக, மாங்குன்றத்துக்கு ஓராண்டுக்கு வேண்டிய உப்பை நாங்கள் தலைச்சுமையாகவே கொண்டுவந்து சேர்ப்போம். நண்டு முத்திரை பொறித்த இவ்வோலையைச் சுமப்பவன் கால்நடையாக வருகிறான், தாமதம் பொறுத்தருள்க.

நூறு இணைக்குத் திருவுளம் இசையாவிடில் பத்து இணை. பத்தும் இயலாதெனில், ஒற்றை எருதேனும் முழுநிலாவுக்குள் வரவிடுக. நுகத்தின் மறுபக்கத்துக்கு ஆள் இருக்கிறது. எருது சற்றுக் குட்டையானதாக இருத்தல் நலம். அமைச்சர் உயரம் குறைந்தவர்.