மடியிலிருந்து தெரியும் நீலம்

என் பிரியமுள்ள ரஜியா அக்காவுக்கு,

நீங்கள் கண்மூடி ஐந்து மாதம் ஆகிறது. ஆர்.எஸ்.புரத்து மாடியில் நாம் நகை செய்யும் அறையில் உங்கள் நாற்காலி இன்னும் ஜன்னலோரத்திலேயே இருக்கிறது. யாராவது அதில் உட்கார வந்தால் வேறு நாற்காலியைக் காட்டுகிறேன். இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

முதலில் நல்ல செய்தி. உங்கள் மகள் ஷபானாவுக்குப் பெண் குழந்தை. மூன்று மாதம் முடிந்துவிட்டது. மூக்கு அப்படியே உங்களுடையது. அடுத்துச் சொல்ல வேண்டியது நான் செய்த தப்பு. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கடைசியாக நீங்கள் கல் பொறுக்கிய அந்தக் காலை நினைவிருக்கிறதா? எழுந்து வர முடியாத உங்களுக்காக வெள்ளகோவில் வியாபாரி உங்கள் கட்டிலிலேயே துணியை விரித்து லாப்ரடோரைட் கற்களைக் கொட்டினார். பட்டை போடாமல், மேல்பக்கம் குமிழாக, வழவழவென்று தீட்டிய கற்கள். சும்மா பார்த்தால் வெறும் சாம்பல் நிறம். கொஞ்சம் சாய்த்தால் உள்ளேயிருந்து நீலம் எழுந்து வரும், பச்சையாகும், ஒரு நொடி பொன்னாகி அணைந்துவிடும். பத்து வருடமாக இதே வேலைதான் செய்தோம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் வாயடைத்துத்தான் போனோம்.

எல்லோரும் கல்லை மேசையில் வைத்துப் பார்த்து வாங்குவார்கள். நீங்கள் மட்டும் அதைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, "ஏங்கண்ணு, அங்க நின்னு பாரு, தெரியுதா?" என்று என்னை அறை முழுக்க நடக்கவிடுவீர்கள். எதிரே நிற்பவர் கண்ணில் நிறம் படும்படி எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று பார்த்து, கல்லின் முதுகில் பென்சிலால் அம்புக்குறி போட்டு வைப்போம்.

அன்றைக்கு ஒரே ஒரு கல்லைப் படுத்தபடியே கையை நீட்டிப் பிடித்து வெகுநேரம் பார்த்தீர்கள். "இது ஷபானாவுக்கு. டாலரா செஞ்சுபோடு அம்மணி" என்றீர்கள். அம்புக்குறியையும் நீங்களே போட்டீர்கள்.

உங்களுக்குப் பிறகு அந்தக் கல்லை எடுத்தபோது எனக்குக் குழப்பமாகிவிட்டது. நீங்கள் போட்ட குறிப்படி நிறுத்தினால் எதிரே நின்று பார்க்கும் எனக்கு வெறும் சாம்பல். தலைகீழாகத் திருப்பினால் அப்படி ஒரு நீலம். மருந்து மயக்கத்தில் மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்று நானே முடிவுகட்டி, திருப்பிப் பதித்துக் கொடுத்தேன். ஷபானா போட்டுக்கொண்டாள். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். நானும் தலைகால் புரியாமல் பூரித்துப்போனேன்.

போன வாரம் அவள் குழந்தையோடு வந்தாள். நேராகப் போய் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். நான் வேறு நாற்காலியைக் காட்டவில்லை. குழந்தையின் காலுறை கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்த நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். குழந்தையின் கண் டாலர் மேலேயே இருந்தது. அந்த உயரத்திலிருந்து கல்லில் ஒன்றுமே தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் அந்தக் கல்லைப் படுத்துக்கொண்டு, கீழேயிருந்து பார்த்தீர்கள். குறி மாறிப்போகவில்லை.

"நா தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு" என்று ஷபானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருப்பிப் பதிக்க வேண்டுமானால் சுற்றியுள்ள வெள்ளி விளிம்பை நெம்பிக் கல்லை எடுக்க வேண்டும். லேசாக அழுத்தம் கூடினாலும் பிளந்துவிடும் கல் அது. உங்கள் கை கடைசியாகப் பொறுக்கியது. அதற்கு மாற்று எங்கே தேடுவது?

"ஒடஞ்சுபோச்சுன்னா என்னங்க சின்னம்மா பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது கண்ணு."

ஷபானா டாலரைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "அம்மா சொன்ன மாதிரியே வெச்சுக் குடுத்துருங்க."

விளிம்பை மயிரிழை மயிரிழையாக நெம்பினேன். கல் முழுசாக உள்ளங்கையில் விழுந்தது. முதுகில் உங்கள் அம்புக்குறி அழியாமல் இருந்தது. அழுதுவிட்டேன், அக்கா.

குறிப்படியே பதித்தேன். ஷபானா போட்டுக்கொண்டு குழந்தையை மடியில் கிடத்தினாள். நின்றிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குழந்தை கைகால் உதைப்பதை நிறுத்திவிட்டு அப்படியே பார்த்தது. நானும் தரையில் உட்கார்ந்தேன். கல் முழுக்க நீலம்.

தெரிந்தேதான் அப்படிக் குறி போட்டீர்களா? பார்க்கக் கிடைக்காத பேத்திக்காகவா? அல்லது படுத்த இடத்திலிருந்து உங்களுக்கு அப்படித்தான் அழகாகத் தெரிந்ததா? யாரிடம் கேட்பேன்?

இப்போது பார்ப்பவர்கள், "கல்லு மங்கிப்போச்சுங்களா?" என்று ஷபானாவைக் கேட்கிறார்களாம். "ஆமாங்க" என்று சொல்லிவிடுகிறாளாம்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இனி எந்தக் கல்லைப் பொறுக்கினாலும் ஒரு முறை தரையில் உட்கார்ந்தும் பார்ப்பேன். எழுந்திருக்கும்போது முட்டி வலிக்கிறது. வலிக்கட்டும்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
திலகம்